பழியெல்லாம் சுகர் மேலே

ராத்திரியில் பாதம் எரிந்து, அதற்கென்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிற சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் வணக்கம்.

நானும் உங்கள் கூட்டம்தான். சுகர் ஓ.பி.யில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, டோக்கன் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவள். அந்த பெஞ்சில் கேட்ட பேச்சுதான் இந்த மடலை எழுத வைத்தது. மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது என்பார் ஒருவர். குண்டூசியால் குத்துகிறது என்பார் அடுத்தவர். "போர்வை பட்டாக்கூட தாங்கலீங்க. ஆனா செருப்பு கழண்டு விழுந்தா தெரியமாட்டேங்குது" என்றார் ஓர் அம்மா. ஒரே பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்து குடியிருப்பதை இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வலியை இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்த நாம், அதற்குப் போடும் மாத்திரை நம்மை என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. வாய் இல்லாமல் அல்ல. அந்தக் கோளாறு மாத்திரையால் வந்தது என்றே நமக்குத் தோன்றுவதில்லை. தலை சுற்றினால் சுகர் இறங்கிவிட்டது என்கிறோம். கால் வீங்கினால் உப்பு. பெயர் மறந்தால் வயசு. எடை ஏறினால் சோறு. ஒவ்வொன்றுக்கும் வேறொரு குற்றவாளி தயாராக இருப்பதால் மாத்திரை தப்பித்துக்கொள்கிறது. டாக்டர் காதுக்குப் போகாததால் அளவும் மாறுவதில்லை.

முதலில் அந்த அட்டையை எடுத்து வாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் பிரிகாபலின் 75 மி.கி. என்று இருக்கும். கூடவே பெரும்பாலும் மெத்தில்கோபாலமின். சில அட்டைகளில் நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. என்று இன்னொரு பெயரும் இருக்கும். மெத்தில்கோபாலமின் என்பது பி12 வைட்டமின், சாது. மற்ற இரண்டும் மூளையிலும் தண்டுவடத்திலும் போய் வேலை செய்கிற மருந்துகள். எல்லாம் ஒரே குளிகைக்குள் அடைந்து வருவதால் மொத்தமும் சத்து மாத்திரை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. "உனக்கும் கை மரத்துப்போகுதா? இதுல ஒண்ணு போட்டுக்கோ" என்று மருமகளுக்கு எடுத்துக் கொடுத்த மாமியாரை அதே பெஞ்சில் சந்தித்திருக்கிறேன். நல்ல மனசுதான். ஆனால் கர்ப்பமாக இருக்கிற பெண்ணுக்கோ, வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கோ கை மாற்றாகக் கொடுக்கிற பொருள் இல்லை இது.

பிரிகாபலின் பிறந்த இடம் அமெரிக்காவில் சிகாகோ பக்கம், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். வேதியியல் பேராசிரியர் ரிச்சர்டு சில்வர்மன் வலிப்புக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. 2004இல் அமெரிக்க அரசு இதை, சர்க்கரையால் வரும் நரம்பு வலிக்கும் அக்கிக்குப் பின் நிற்கிற வலிக்கும் கொடுக்க அனுமதித்தது. ஃபைசர் கம்பெனி லிரிகா என்ற பெயரில் விற்றுக் குவித்தது. பல்கலைக்கழகம் தனக்கு வரவேண்டிய ராயல்டியில் ஒரு பங்கை விற்றே 70 கோடி டாலர் பார்த்தது. இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்த பேரனோ பேத்தியோ "பாட்டி, இது காக்காவலிப்பு மாத்திரை, உனக்கு எதுக்கு?" என்று கேட்டதும் அன்றைக்கே தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். வலிப்பில் மூளை நரம்புகள் அளவு மீறிக் கிளர்கின்றன. எரிச்சலில் வலியைச் சுமக்கும் நரம்புகள் அப்படிச் செய்கின்றன. நரம்பு முனையில் கால்சியம் உள்ளே போகிற வழியைக் கொஞ்சம் அடக்கி, வலிச் செய்தியைக் கடத்தும் ரசாயனங்கள் வெளியாவதை இந்த மருந்து குறைக்கிறது. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே மருந்து.

அது செய்வது அவ்வளவுதான். சேதமான நரம்பை இது சரிசெய்யாது. "மூணு மாசமா சாப்பிடறேன், மதமதப்பு போகவே இல்லை" என்று குறைப்படுகிறவர்கள் அதிகம். போகாது. மதமதப்புக்கான மருந்தே இல்லை இது. எரிச்சல் அடங்கிவிட்டது என்பதால் பாதம் தேறிவிட்டது என்றும் அர்த்தமில்லை. ஓ.பி.யில் பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்தி "தெரியுதா?" என்று கேட்பார்களே, அந்தச் சோதனையில் நேற்று தெரியாத இடம் மாத்திரை போட்டதால் இன்று தெரிந்துவிடாது. கண்ணாடி வைத்துத் தினமும் உள்ளங்காலைப் பார்ப்பதும், வெந்நீரில் கால் வைக்காமல் இருப்பதும் மாத்திரையோடு சேர்ந்து நடக்க வேண்டியவை.

நம்பிக்கை எவ்வளவு வைக்கலாம்? 2019இல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு எல்லாப் பரிசோதனைகளையும் திரட்டிப் பார்த்தது. சர்க்கரை நரம்பு வலிக்காரர்களில் நாளைக்கு 300 மி.கி. எடுத்தவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களிலும் நூற்றுக்கு 24 பேருக்கு அப்படிக் குறைந்தது. அளவை 600க்கு ஏற்றினால் 41 பேர், எதிரே 28. அக்கி வலிக்கு இதைவிட நன்றாகக் கேட்கிறது. ஆக, கேட்கிறவர்களுக்கு இது வரம். பல நாள் உறக்கம் கெட்டுக் கிடந்தவள் என்ற முறையில் அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் சரியான அளவில் சில வாரம் எடுத்தும் கேட்கவில்லை என்றால் உங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். நீங்கள் பெரும்பான்மைக் கட்சி. கேட்காத மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்க எந்த நியாயமும் இல்லை. வேறு மருந்துகள் இருக்கின்றன. 2022இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மருத்துவர்கள் தலைமையில் 130 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின், பிரிகாபலின் மூன்றில் எதை முதலில் கொடுத்துத் தொடங்கினாலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குறைந்தது. மாறியது தொந்தரவுகள்: பிரிகாபலினில் தலைசுற்றல் அதிகம், டுலாக்சிடினில் குமட்டல் அதிகம், அமிட்ரிப்டிலினில் வாய் உலர்வது அதிகம். அப்படியென்றால் எந்தத் தொந்தரவு உங்களுக்குத் தாங்கும் என்பதை வைத்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை நீங்கள் சொல்லாமல் டாக்டர் எப்படித் தேர்ந்தெடுப்பார்?

தலைசுற்றலுக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மைப் படுக்கையில் தள்ளக்கூடியது அதுதான். கம்பெனியே அமெரிக்காவில் அச்சிட்டுத் தரும் மருந்து விவரத்தில், இதை எடுத்தவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குத் தலைசுற்றல், 23 பேருக்குத் தூக்கக் கலக்கம் என்று இருக்கிறது. மாவு மாத்திரைக்காரர்களில் இரண்டும் எட்டெட்டுப் பேருக்குத்தான். இப்போது நம் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ராத்திரி மூன்று மணி. சர்க்கரைக்காரருக்கு ஒன்றுக்குப் போக முட்டிக்கொண்டு வருகிறது. மாத்திரை உடம்பில் இருக்கிறது. விளக்கைப் போட்டால் வீட்டுக்காரர் முழித்துக்கொள்வார் என்று இருட்டிலேயே எழுந்திருக்கிறோம். பாதத்துக்குத் தரை சரியாகத் தெரியாது. பார்வையும் கொஞ்சம் மங்கல், அதுவும் இந்த மாத்திரையின் வேலையாக இருக்கலாம். குளியலறை வாசப்படி ஈரம். விழுந்தால் இடுப்பு எலும்பு. அதன் பிறகு ஆகிற செலவையும் படுகிற பாட்டையும் உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

எழுந்ததும் நிற்காதீர்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நில்லுங்கள். விளக்கைப் போடுங்கள், வீட்டுக்காரர் முழித்துக்கொள்ளட்டும். மாத்திரை தொடங்கிய நாட்களிலும் அளவைக் கூட்டிய நாட்களிலும் ஸ்கூட்டர் வேண்டாம்.

தலை சுற்றினால் உடனே ஒரு கை சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்கிற பழக்கம் நமக்கு உண்டு. குளுக்கோமீட்டர் வீட்டில் இருந்தால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரை போடுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் சந்தேகத்துக்குச் சர்க்கரை போடுவதுதான் பத்திரம், அதில் தப்பில்லை. ஆனால் மீட்டர் 160 காட்டும்போதும் தலை சுற்றுகிறது என்றால் அது லோ சுகர் இல்லை. அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். டாக்டருக்கு ஒரு முழு நோட்டுப் புத்தகத்தைவிட அந்த ஒற்றை வரி உதவும்.

அடுத்தது வீக்கம். பெண்களுக்கு முதலில் மெட்டிதான் சொல்லும். விரலில் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். ஆண்களுக்குச் செருப்பு வார் தடம் விழும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தால் குழி நிற்கும். இருதயம், கிட்னி, ஈரல் மூன்றாலும் இப்படி வரும் என்பதால் மாத்திரைதான் என்று நாமாக முடிவு கட்டக்கூடாது. மூச்சு வாங்கலும் கூட இருந்தால் தாமதிக்காமல் ஓட வேண்டும். ஆனால் மாத்திரை என்கிற சாத்தியமும் பட்டியலில் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் என்ன நடக்கும்? ஒரு டாக்டர் பிரிகாபலின் எழுதுவார். கால் வீங்கும். இன்னொரு டாக்டரிடம் போய்க் காலை மட்டும் காட்டுவோம். அவர் நீர் பிரிகிற மாத்திரை எழுதுவார். அதனால் ராத்திரி இன்னும் இரண்டு முறை எழுந்திருப்போம். மேலே சொன்ன குளியலறைக் கதைக்கே திரும்ப வந்துவிட்டோம். இந்தச் சங்கிலி வெளிநாட்டு மருத்துவ இதழ்களிலும் எழுதப்பட்டிருக்கிறது, நம்மூரில் மட்டும் நடக்கிறதில்லை.

நம்மில் பலர் சுகருக்குப் பையோகிளிட்டசோனும் சாப்பிடுகிறோம். அதுவும் நீரைத் தேக்கும். பிரிகாபலின் மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், பையோகிளிட்டசோன் வகை மட்டும் எடுத்தவர்களில் 3 பேருக்கும் கால் வீங்கியது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 19 பேருக்கு. உங்கள் சுகர் மாத்திரைக் கலவையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று மெடிக்கலில் கேளுங்கள், சொல்வார்கள்.

எடையைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வருடமோ அதற்கு மேலோ பிரிகாபலின் எடுத்த 333 சர்க்கரை நோயாளிகளைக் கவனித்ததில் சராசரியாக 5.2 கிலோ கூடியிருந்தது. டயட்டீஷியன் முன்னால் "நான் ஒண்ணும் சாப்பிடறதில்லைம்மா" என்று சொல்லித் திட்டு வாங்குகிறவர்களில் சிலராவது உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

கிட்னி விஷயத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இந்த மருந்து ஈரலில் கரைந்து போகிற ரகம் இல்லை. ஏறக்குறைய முழுவதும் உருமாறாமல் சிறுநீரில்தான் வெளியே போக வேண்டும். சர்க்கரை வருடக்கணக்கில் இருந்தால் கிட்னி வடிகட்டுகிற வேகம் மெல்ல மெல்லக் குறையும். வேகம் 60க்குக் கீழே இறங்கினால் மருந்தின் அளவைப் பாதியாக்க வேண்டும், 30க்குக் கீழே இறங்கினால் கால் பங்காக்க வேண்டும் என்பது விதி. நாமோ ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய சீட்டையே காட்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம். மாத்திரை அதே 75தான், ஆனால் உடம்பில் நிற்பது அதே 75 இல்லை. பகலெல்லாம் மந்தம், பேச்சுக் குழறல், தள்ளாட்டம், கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது, இவையெல்லாம் மருந்து தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். பக்கவாதமோ, மறதி நோயோ என்று வீட்டில் கலங்கிப்போவார்கள். இவற்றில் எது திடீரென்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது மாத்திரை அட்டையும் கூடப் போகட்டும். கிரியாட்டினின் ரிசல்ட் வந்த அன்றே "இந்த எரிச்சல் மாத்திரையின் அளவு சரிதானா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.

நார்ட்ரிப்டிலின் சேர்ந்த அட்டை என்றால் வாய் உலரும், மலம் இறுகும். புராஸ்டேட் வீங்கிய தாத்தாக்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் அந்தக் கலவையைத் தொடும் முன் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆண்களுக்குத் தனியாக ஒன்று. சாயங்காலம் ஒரு கட்டிங், ராத்திரி ஒரு மாத்திரை என்று இருக்கிறவர்கள் டாக்டரிடம் முதலாவதை மறைக்கிறார்கள். மதுவோடும், தூக்க மாத்திரையோடும், டிரமடால் போன்ற கடும் வலி மாத்திரையோடும், கோடீன் கலந்த இருமல் மருந்தோடும் இது சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு மட்டுப்படும். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதற்கென்றே தனி எச்சரிக்கை விட்டது. முதியவர்களையும் நுரையீரல் நோயாளிகளையும் குறிப்பாகச் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டன் இந்த மருந்தைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் பட்டியலில் சேர்த்தது, போதைக்காகச் சிலர் அள்ளி விழுங்கத் தொடங்கியதால். நம் ஊர் மெடிக்கலிலும் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். கடைக்காரர் செய்வது சரி.

இவ்வளவையும் படித்துவிட்டு இன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். பழகின உடம்பு சட்டென்று நிறுத்தினால் முரண்டு பிடிக்கும். தூக்கம் வராது, குமட்டும், வயிறு போகும், படபடக்கும், வியர்த்துக் கொட்டும். வியர்வையும் படபடப்பும் பார்த்து மறுபடியும் லோ சுகர் என்று சர்க்கரையை எடுப்போம்! வலிப்பு நோய்க்காக இதை எடுக்கிறவர்கள் நிறுத்தினால் வலிப்பே வரலாம். குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்கிறது மருந்து விவரம். நெடுநாள் எடுத்தவர்களுக்கு இன்னும் மெதுவாக இறக்குவார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சுகர் மாத்திரையை மறக்காமல் எடுத்துவைத்து, "எரிச்சல் மாத்திரைதானே" என்று இதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே, காரணமில்லாமல் மனசு இருண்டு போனாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலும் உடனே யாரிடமாவது சொல்லுங்கள். இந்த வகை மருந்துகளுக்கு அப்படியும் ஓர் எச்சரிக்கை உண்டு. முகமோ உதடோ நாக்கோ வீங்கினால் அடுத்த வேளை போடாமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

எரிச்சலுக்கே வேறு காரணமும் இருக்கலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், அதனாலேயே பாதம் எரியலாம். ஒரு முறை ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. ஓ.பி. வரிசையில் நம் முறைக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதில் ஒரு நிமிடம் ரிப்போர்ட்டைத் தேடுவதில் போய்விடுகிறது. மிச்சமிருக்கிற நிமிடத்தில் "எரிச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்பார், "பரவாயில்லைங்க" என்போம். சீட்டில் பழையதே மறுபடி எழுதப்படும். எல்லாவற்றையும் "பரவாயில்லை" என்று முடிக்கிற நம் மரியாதையை அந்த அறைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை போகும்போது ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். மாத்திரை தொடங்கிய பிறகு புதிதாக என்ன வந்தது, எப்போது வந்தது, எரிச்சல் முன்பிருந்ததில் எவ்வளவு குறைந்தது, அவ்வளவு போதும். வேறு டாக்டர் எழுதியது, மெடிக்கலில் நீங்களாக வாங்கியது உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள், கொண்டுவருகிற தன்னார்வலரிடமும் சொல்லுங்கள். பக்கவிளைவை நோயாளியே நேரடியாக அரசுக்குத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.

இப்படிக்கு,
அதே பெஞ்சில் உட்காரும் ஒருத்தி